விரட்டிச் சுடுவதை விடுங்கள், நடந்து சுடுங்கள்: கிரவுஸ் மூர் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வடக்கு இங்கிலாந்தின் மேட்டுநிலங்களில் கிரவுஸ் மூர், அதாவது கிரவுஸ் என்ற பறவையைச் சுடும் மரமில்லாத புதர்நிலம், வைத்திருப்போருக்கும், அங்கே சுட வருவோருக்கும், உங்கள் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

வேட்டையையே ஒழித்துவிடுங்கள் என்று கேட்கும் கடிதங்கள் உங்களுக்கு ஆண்டு முழுவதும் வருகின்றன. நான் அதைக் கேட்கவில்லை. கிரவுஸைச் சுடுங்கள். ஆனால் உங்கள் பாட்டன் பூட்டன் சுட்ட விதத்தில் சுடுங்கள். ஹெதர் புதருக்குள் நாயோடு நடந்து, நாய் மோப்பம் பிடித்து நின்ற இடத்தில் எழும் பறவையைச் சுட்டு, தோள்பை கொள்ளும் அளவோடு வீடு திரும்புங்கள். ஆட்களை வரிசையாக நிறுத்தி, கொடி அசைத்து, பறவைக் கூட்டத்தை மைல் கணக்கில் விரட்டி, மறைப்புகளில் காத்திருக்கும் எட்டு ஒன்பது துப்பாக்கிகளின் தலைக்கு மேல் பறக்கவைக்கும் முறையைக் கைவிடுங்கள். இது உங்கள் வருமானத்தையும் பழக்கத்தையும் தொடும் கோரிக்கை என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

நான் ஷெஃபீல்டில் வாழ்பவன். இந்த ஊர் குடிக்கும் தண்ணீர் மேற்கே இருக்கும் மூர்களில் பெய்து, நீர்த்தேக்கங்களில் சேர்ந்து வருகிறது. 2023 அக்டோபரில் ஹெதர் எரித்த புகை இறங்கி நகரத்தின் மேல் படிந்தபோது ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே உங்கள் நிலத்தில் நடப்பது உங்கள் வேலிக்குள் முடிந்துவிடுவதில்லை. இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழில் முதலில் எழுதக் காரணம், லீட்ஸிலும் மான்செஸ்டரிலும் ஷெஃபீல்டிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஆகஸ்டில் ஊதா நிறத்தில் பூத்துக் கிடக்கும் ஹெதரைப் பார்க்கப் பிள்ளைகளோடு அங்கே போகின்றன. அவர்கள் கால்வைக்கும் நிலம் எதற்காக அப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

அவர்களுக்காகப் பறவையைப் பற்றிக் கொஞ்சம். ரெட் கிரவுஸ் நம் ஊர்க் கௌதாரியின் தூரத்து உறவு; அதைவிடப் பருத்தது, செம்பழுப்பு நிறம், சேவலுக்குக் கண்ணின் மேல் சிவப்புப் புருவம். பிரிட்டனையும் அயர்லாந்தையும் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாதது. மரமில்லாத மேட்டில், ஹெதரின் இளந்தளிரைத் தின்று, பனிக்காலத்தையும் அங்கேயே கழிக்கும். ஃபெசன்ட் போலப் பண்ணையில் குஞ்சு பொரிக்கவைத்துக் கோடிக்கணக்கில் திறந்துவிடுகிற பறவை இல்லை இது. இதைச் சுடும் பருவம் ஆகஸ்ட் 12-இல் தொடங்கி டிசம்பர் 10-இல் முடியும். 1831-ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் இன்றும் அந்தத் தேதிகளைத் தாங்கி நிற்கிறது.

'நாங்கள் சுடுவது காட்டுப் பறவையை' என்று நீங்கள் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை தெரியும். அந்தப் பெருமை நியாயமானது. நான் சொல்ல வந்ததும் அந்தப் பெருமையைப் பிடித்துக்கொண்டுதான்.

உங்கள் அறிக்கைகளில் மரபு என்ற சொல் அடிக்கடி வருகிறது. எந்த மரபு? நாயோடு நடந்து சுடுவதே இந்தத் தீவில் மூத்த வழக்கம். பாயிண்டரும் செட்டரும் அதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட நாய்கள். விரட்டிச் சுடுவது யார்க்ஷயர்ப் பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டி, அந்த நூற்றாண்டின் நடுவில்தான் பெருகியது. லண்டனில் இரவு ஏறியவரைக் காலையில் மேட்டுநிலத்தருகே இறக்கிவிடும் ரயில் வந்தது. பின்புறம் தோட்டா போடும் துப்பாக்கி வந்தது. ஒன்றைச் சுடும்போதே மற்றொன்றில் தோட்டா நிரப்பித் தர ஓர் உதவியாள் பக்கத்தில் நின்றார். 1852-இல் விக்டோரியா அரசியின் குடும்பம் பால்மோரலை வாங்கியபின் மேட்டுநில வேட்டை மேல்தட்டின் நாகரிகமாகிவிட்டது. இத்தனையும் கூடிப் பிறந்த முறை இது. ரயிலும் தொழிற்சாலையும் பெற்ற பிள்ளை. அதைத் தொன்மை என்று சொல்லிக் காப்பாற்ற வேண்டாம். அதைவிடத் தொன்மையானது உங்களிடமே இருக்கிறது, கொட்டிலில் கட்டிக் கிடக்கிறது.

பிறந்ததும் அது எதை நாடியது என்பதை உங்கள் பதிவேடுகளே காட்டுகின்றன. 1888 ஆகஸ்ட் 30-இல் யார்க்ஷயரின் ப்ளபர்ஹவுசஸ் மூரில் வால்சிங்கம் பிரபு ஒரே நாளில், ஒரே ஆளாக, 1,070 கிரவுஸைச் சுட்டார். அவர் முரட்டு மனிதர் அல்லர். மிகச்சிறு அந்துப்பூச்சிகளை ஆராய்ந்து அறிவியல் உலகில் மதிக்கப்பட்டவர். 1915 ஆகஸ்ட் 12-இல் லங்காஷயரின் அபிஸ்டெட் மூரில் எட்டுப் பேர் ஒரு நாளில் சுட்டது 2,929. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த எண்கள் இன்னும் சாதனைப் பட்டியலில் இருக்கின்றன, இன்னும் வியப்போடு சொல்லப்படுகின்றன. நடந்து சுடுகிறவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும் அந்த எண்ணிக்கையின் அருகில்கூடப் போக முடியாது. பறவையும் கால்களும் விடாது.

என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. முறை எண்ணிக்கையைக் கேட்கிறது. எண்ணிக்கை நிலத்தைக் கேட்கிறது. ஒரு விரட்டு நாளுக்கு என்னென்ன வேண்டும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். கொடி பிடித்து நடக்க இருபது முப்பது பேர், பறவை பக்கவாட்டில் தப்பாமல் மடக்க ஓரங்களில் ஆட்கள், தோட்டா நிரப்புவோர், விழுந்ததைப் பொறுக்கும் நாய்களோடு ஒரு குழு, வண்டிகள், சாப்பாடு. இத்தனை பேரைத் திரட்டிய நாளில் ஆறு ஜோடிப் பறவையோடு திரும்ப முடியாது. வாடிக்கையாளர் கட்டுவதோ ஜோடிக்கு இருநூறு பவுண்டு அளவில். அவர் கேட்பது நூறு ஜோடி நாள். அதற்குச் சதுர கிலோமீட்டருக்கு அறுபது பறவையாவது ஜூலைக் கணக்கெடுப்பில் நிற்க வேண்டும் என்பது உங்கள் தொழிலில் வழங்கும் அளவுகோல். நல்ல மூர் எனப் பெயரெடுத்தவை அதைவிட மிக அதிகமாக வைத்திருக்கின்றன. அந்த அடர்த்தி தானாக வருவதில்லை. ஆண்டு முழுவதும் நிலத்தை அதை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் நெருப்பு. தளிர் வேண்டும் என்பதற்காக ஹெதரைத் துண்டு துண்டாக, சுழற்சி முறையில் எரிக்கிறீர்கள். விமானத்திலிருந்து பார்த்தால் பென்னைன் மலைத்தொடரின் முதுகு ஒட்டுப்போட்ட துணி மாதிரி தெரிவது அதனால்தான். ஹெதருக்கு அடியில் இருப்பது பீட் என்னும் ஈரக் கரிமண். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஸ்பாக்னம் பாசி மடிந்து மடிந்து சேர்ந்தது. ஈரமாக இருக்கும்வரை கார்பனைப் பூட்டி வைத்திருக்கும்; காய்ந்தால் வெளியே விடும். லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு, எரித்த இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் கீழே போவதாகக் கண்டது. அந்த ஆய்வின் முறையை உங்கள் தரப்பு அறிஞர்கள் மறுத்து எழுதியிருக்கிறார்கள். அந்தச் சண்டை ஓயவில்லை. ஆனால் அரசு காத்திருக்கவில்லை. ஆழமான பீட்டின் மேல் எரிப்பதை 2021-இல் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கட்டுப்படுத்தியது. 2025-இல் ஆழமான பீட் என்பதற்கான வரம்பை 30 சென்டிமீட்டருக்கு இறக்கி, பரப்பையும் விரித்தது. காட்டுத்தீ வராமலிருக்கவே எரிக்கிறோம் என்கிறீர்கள். 2018-இல் சாடில்வொர்த் மூர் நாட்கணக்கில் எரிந்ததை நானும் மறக்கவில்லை. அதற்கு நிலையான தடுப்பு, வெட்டிய வடிகால்களை அடைத்துப் பீட்டை மறுபடி நனையவிடுவது. பெரிய எண்ணிக்கைக்காக ஹெதரை மட்டுமே வளர்க்கும் நிலத்தில் அதை முழு மனதோடு செய்ய முடியாது, ஏனெனில் நனைந்த நிலத்தில் பாசியும் பஞ்சுப்புல்லும் ஏறி ஹெதர் குறையும்.

அடுத்தது புழு. இது பலரும் பேசாத விஷயம், எனக்கோ இதுவே எல்லாவற்றையும் விடத் தெளிவான சான்று. கிரவுஸின் குடலில் நூல்போன்ற ஒரு புழு வாழ்கிறது. பறவை பெருகும்போது புழுவும் பெருகி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டம் கூட்டமாகப் பறவைகள் மடியும். மறுபடி மெல்ல ஏறும். இதைக் கண்டறிய ஒரு விசாரணைக் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்து 1911-இல் அறிக்கை தந்தது. அதற்காகச் செத்த கிரவுஸ்களை அறுத்து அறுத்துப் பார்த்தவர் எட்வர்ட் வில்சன் என்ற மருத்துவர். அடுத்த ஆண்டே தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் துருவப் பயணி ஸ்காட்டோடு உயிர்விட்ட அதே வில்சன். ஏற்ற இறக்கத்துக்கு அந்தப் புழு காரணம் என்பதை வடக்கு இங்கிலாந்து மூர்களில் நடத்திய சோதனை 1998-இல் வலுப்படுத்தியது: பறவைகளைப் பிடித்துப் புழுமருந்து கொடுத்தபோது சரிவுகள் அடங்கின.

நீங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது மருந்தை. கோழி இரையை அரைக்கச் சிறுகல் விழுங்குவது போலக் கிரவுஸும் விழுங்கும். அந்தக் கல்லின் மேல் புழுமருந்தைப் பூசித் தட்டுகளில் வைத்து மூர் முழுக்கப் பரப்புகிறீர்கள். கால்நடை மருத்துவரின் சீட்டில்லாமல் வாங்க முடியாத மருந்து அது. சுடுவதற்கு 28 நாள் முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லையெனில் இறைச்சியோடு மனித வயிற்றுக்கு வரும். அந்தத் தட்டுகளை நடைபாதையோரம் எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். கொடுமை ஏதும் கண்ணுக்குத் தெரியாது. சின்னப் பெட்டி, கொஞ்சம் கல். ஆனால் மருந்திட்ட கல்லைத் தின்று, நரி, காக்கை போன்ற எதிரிகள் பொறிவைத்து அகற்றப்பட்டு, தீயால் சீர்படுத்திய தீவனத்தில் வளரும் பறவையைக் காட்டுப் பறவை என்று எந்த மனதோடு சொல்கிறீர்கள்? காட்டுப் பறவை என்றால் சில ஆண்டுகள் நிறைய இருக்கும், சில ஆண்டுகள் இராது. நடந்து சுடுகிறவர் இராத ஆண்டில் துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு நாயோடு மட்டும் நடப்பார். விரட்டுத் தொழிலுக்கு அந்த ஆண்டு பெரும் நட்டம்.

மூன்றாவது, பூனைப்பருந்து. தமிழ்நாட்டில் பறவை பார்ப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் பழக்கம். பனிக்காலத்தில் நம் புல்வெளிகளின் மேல் சிறகை வி வடிவில் தூக்கிக்கொண்டு தாழப் பறந்து வரும் மொண்டேகு பூனைப்பருந்தின் உறவினர், ஹென் ஹாரியர். ஹெதருக்குள் தரையில் கூடுகட்டும். கிரவுஸ் குஞ்சையும் தின்னும். பிரிட்டனில் இதற்கு 1954 முதலே சட்டப் பாதுகாப்பு உண்டு. இருந்தும் 2013-இல் இங்கிலாந்து முழுவதிலும் ஒரு கூட்டிலிருந்தும் ஒரு குஞ்சும் பறக்கவில்லை. செயற்கைக்கோள் கருவி பொருத்திய 58 பறவைகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அவற்றில் 72 விழுக்காடு சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவை அல்லது கொல்லப்பட்டிருக்கவே பெரும்பாலும் வாய்ப்புள்ளவை என்றது. கிரவுஸ் மூர் மிகுந்த பகுதிகளில் அவை இறக்கவோ காணாமல்போகவோ வாய்ப்பு மற்ற இடங்களைப்போல் பத்து மடங்கு என்றும் சொன்னது. அதன்பின் நிலை தேறியது, 2023-இல் 141 குஞ்சுகள் பறந்தன; அடுத்த ஆண்டே 80 ஆகச் சரிந்தது. ஸ்காட்லாந்தில் 2004 முதல் 2016 வரை கருவி பொருத்திய 131 பொன்னிறக் கழுகுகளில் 41 சந்தேகத்துக்குரிய விதத்தில் மறைந்தன.

உங்களில் பெரும்பாலோர் இதைச் செய்யவில்லை என்பதை நம்புகிறேன். செய்பவர்களை நீங்கள் வெளிப்படையாகக் கண்டித்தும் இருக்கிறீர்கள். ஆனால் நூறு ஜோடி நாளைத் தந்தே ஆக வேண்டிய ஒரு கேம்கீப்பர் (மூரைப் பராமரிக்கும் வேட்டைக் காவலாள்), தன் வேலையும் தன் குடும்பம் இருக்கும் வீடும் அந்த எண்ணிக்கையில் தொங்குவதை அறிந்த ஒருவர், ஏப்ரல் மாதத்தில் தன் மூரின் மேல் ஒரு ஜோடி பூனைப்பருந்து ஆடிக் களிப்பதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? அந்த நெருக்கடியை அவருக்கு உண்டாக்கியது முறை. கண்டனத் தீர்மானங்கள் அதைத் தொடுவதே இல்லை.

லாங்ஹோமில் இதன் கணக்குத் திறந்தவெளியில் போடப்பட்டது. தெற்கு ஸ்காட்லாந்தின் அந்த மூரில் 1992 முதல் 1997 வரை பருந்து, வல்லூறு போன்ற கொன்றுண்ணும் பறவைகளை ஒருவரும் தொடாமல் விட்டார்கள். முட்டையிடும் பெண் பூனைப்பருந்துகள் இரண்டிலிருந்து இருபதாகப் பெருகின. கிரவுஸ் விரட்டுக்குப் போதாத அளவுக்குக் குறைந்தது, விரட்டு நின்றது. பூனைப்பருந்தும் விரட்டு வேட்டையும் ஒரே மூரில் சேர்ந்து தழைக்க முடியாது என்பதற்கு இதையே நீங்கள் இன்றுவரை சான்றாகக் காட்டுகிறீர்கள். நானும் அதையே காட்டுகிறேன். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது எது? சட்டம் காக்கும் பறவையா, ஒரு சுடும் முறையா? நடந்து சுடுவதற்கோ அந்தக் குறைந்த எண்ணிக்கையே போதும்.

லாங்ஹோமின் கதையை அங்கேயே நிறுத்துவது நேர்மையாகாது. விரட்டு நின்று கேம்கீப்பர்கள் வெளியேறியபின் நரி பெருகியது. தரையில் கூடுகட்டும் பறவைகள் சரிந்தன, பூனைப்பருந்தும் சேர்ந்தே சரிந்தது. உங்கள் வாதங்களில் எனக்கு மிகவும் பாரமாகத் தெரிவது இதுதான். நார்தம்பர்லாந்தின் ஓட்டர்பர்னில் 2000 முதல் 2008 வரை நடந்த சோதனையும் அதையே சொல்கிறது: நரியையும் காக்கையையும் கட்டுப்படுத்திய இடங்களில் உள்ளான்களின் உறவான கர்லியூவும் ஆட்காட்டி இனமான லாப்விங்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வெற்றியோடு குஞ்சு பொரித்தன. வசந்தத்தில் மூரின் மேல் கர்லியூவின் நீண்ட குரலைக் கேட்ட எவரும் அதை இழக்கச் சம்மதிக்க மாட்டார். நானும் மாட்டேன். கேம்கீப்பரின் வேலை அந்தப் பறவைகளைக் காக்கிறது என்றால், அந்த வேலைக்கு அந்தப் பறவைகளின் பெயரிலேயே பொதுப்பணம் கொடுக்கலாம். மேட்டுநில விவசாயிகளுக்கு அரசு சூழல் காப்புக்காகப் பணம் தரும் வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கர்லியூவைக் காக்க நரியைக் குறைப்பது வேறு, நூறு ஜோடியைக் காக்கக் குறைப்பது வேறு; இரண்டாவதற்கு ஓர் எல்லை வருவதே இல்லை.

இனி வேட்டைக்காரர்களுக்குள்ளேயே நடக்கும் வாதத்துக்கு வருகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வேட்டைக்காரர் எல்லோரும் ஒரே குரலில் பேசுவதாக நினைக்கிறார்கள். அப்படி எங்கேயும் இல்லை. அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் ரஃப்டு கிரவுஸைத் தரையில் நிற்கும்போதே சுட்டுக் குழம்பு வைப்பவர்களும், நாய் காட்டிச் சிறகடித்து எழுந்தாலொழியச் சுடமாட்டேன் என்பவர்களும் தலைமுறைகளாக ஒருவரையொருவர் முறைத்துக்கொள்கிறார்கள். முதல் கூட்டத்தை இழிவாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. சாப்பாட்டுக்காக ஒரு பறவையைக் குறிதவறாமல் கொல்பவரிடம் குற்றம் காண என்ன இருக்கிறது? பிரிட்டனில் பிளவு வேறு இடத்தில் விழுந்திருக்கிறது. விரட்டை விரும்புவோர், தலைக்கு மேல் காற்றைக் கிழித்துக்கொண்டு வரும் பறவையைச் சுடுவதே கடினம், ஆகவே அதுவே கண்ணியம் என்கிறார்கள். ஆகஸ்டில் நாயின் மூக்குக்கு முன்னால் எழுந்து நேராக விலகிப்போகும் இளம் பறவையைச் சுடுவது சுலபம் என்கிறார்கள். விரட்டில் கிழட்டுச் சேவல்கள் முன்னால் வந்து விழும், நாயோடு போனால் இளசுகளே சாகும், ஆகவே விரட்டு மூருக்கு நல்லது என்ற வாதம் விக்டோரியா காலத்திலிருந்தே இருக்கிறது. இந்த வாதங்களில் உண்மை இல்லாமல் இல்லை.

அவற்றுள் கனமானது ஒன்று. யார்க்ஷயர், டர்பிஷயர் மூர்களில் செப்டம்பர் பாதி கடந்ததும் கிரவுஸ் கூட்டம் சேர்ந்து மிரளத் தொடங்கும். ஆளின் நிழல் பட்டதும் எட்டாத தூரத்தில் எழுந்துவிடும். நாய்க்கு முன்னால் பதுங்காது. அதனால்தான் இங்கே விரட்ட வேண்டி வந்தது என்று வயதான கேம்கீப்பர்கள் விளக்குவதைக் கேட்டிருக்கிறேன். சரியான விளக்கம். ஆனால் அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுக்கு நேர் எதிரான முடிவையே நான் எடுக்கிறேன். மிரட்சி, பறவை தானே போட்டுக்கொள்ளும் வேலி. அது வந்தபின் அந்த ஆண்டின் வேட்டை இயல்பாக ஓய வேண்டும். எஞ்சியவை அடுத்த வசந்தத்தில் முட்டையிடும். அந்த வேலியை உடைப்பதற்காகக் கண்டுபிடித்ததே விரட்டு. உடைத்தபின் உண்டான பள்ளத்தை நிரப்பத்தான் நெருப்பும் மருந்தும் பொறியும் தேவைப்பட்டன.

வேறு விதமாகவும் இந்த வேட்டை நடக்கும் என்பதற்கு நார்வேயைப் பாருங்கள். அங்கே வாழ்வது உங்கள் கிரவுஸுக்கு மிக நெருங்கிய உறவு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகவே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். அது பனிக்காலத்தில் வெள்ளையாக மாறும், உங்களுடையது மாறாது. செப்டம்பர் 10-இல் பருவம் தொடங்கும். சுடுகிறவர் வேட்டைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும், ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். அரசு நிலங்களிலும் சுடலாம். ஆசிரியரும் தச்சரும் செவிலியரும் செட்டர் நாயோடு மலைக்குப் போகிறார்கள். ஆகஸ்டில் அதே நாய்களோடு நடந்து பறவைகளை எண்ணி, ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று அந்தந்தப் பகுதி வரம்பு வைக்கிறது. எண்ணிக்கை குறைந்த ஆண்டில் வரம்பு இறங்கும், சில இடங்களில் வேட்டையே நிற்கும். அங்கேயும் பறவை சில ஆண்டுகள் குறைகிறது, அங்கேயும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு வேட்டை முறையைத் தாங்குவதற்காக ஒரு மலைத்தொடரையே எரித்து வைத்திருக்கும் நிலை இல்லை. வேட்டை என்பது பணக்காரர் விளையாட்டு என்ற வெறுப்பும் அங்கே அவ்வளவாக இல்லை.

அந்த வெறுப்பு இங்கே ஏன் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 1932 ஏப்ரல் 24-இல் மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் நடக்கப் போனார்கள். கிரவுஸ் மூர் என்று சொல்லிக் கேம்கீப்பர்கள் தடியோடு மறித்தார்கள், கைகலப்பு, ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். நடக்கும் உரிமை சட்டமாக 2000-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நானும் என் மக்களும் அங்கே தடையின்றி நடப்பது அவர்கள் வாங்கித் தந்தது. மூரில் நடப்பவர்களும் நடந்து சுடுபவர்களும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும். விரட்டுக்கு மட்டும்தான் ஆளில்லாத மேடு தேவைப்படுகிறது.

ஸ்காட்லாந்து ஒரு வழி எடுத்திருக்கிறது. 2024 மார்ச் 21-இல் நிறைவேறிய சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் அங்கே கிரவுஸ் சுட முடியாது. பருந்து, கழுகு போன்ற கொன்றுண்ணும் பறவைகளைக் கொன்றால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் பறிக்கவும் அதிகாரம் இருக்கிறது. கண்ணி வைப்பதும் அதே சட்டத்தில் ஒழிந்தது. இங்கிலாந்தில் அதுவும் இல்லை. விரட்டு வேட்டையைத் தடைசெய்யக் கோரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு 2025 ஜூன் 30-இல் நாடாளுமன்ற வளாகத்தில் விவாதத்துக்கு வந்தது. தடைசெய்யும் எண்ணம் இல்லை என்று அரசு சொன்னது. நீங்கள் பெருமூச்சு விட்டிருப்பீர்கள். 2016-இலும் இதே விவாதம் வந்தது, அப்போதும் இதே பதில். அடுத்த மனுவும் வரும், அதற்கடுத்ததும் வரும். சட்டம் உங்கள் மேல் விழும் நாளில் அது முறையையும் வேட்டையையும் பிரித்துப் பார்க்காது. பாயிண்டரோடு நடக்கும் அந்த அமைதியான மனிதரும் சேர்ந்தே தடைபடுவார். அவருக்காகவாவது நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

கிராமங்களைப் பற்றியும் கேட்பீர்கள். கொடி பிடிக்க வரும் மாணவர்கள், ஆகஸ்டில் நிரம்பும் விடுதிகள், பரம்பரையாகக் கேம்கீப்பர் வேலை பார்க்கும் குடும்பங்கள். அவர்களில் சிலரோடு மழையில் நின்று பேசியிருக்கிறேன். அந்த மேட்டில் எந்தச் சரிவில் எந்தப் பறவை கூடு வைக்கும் என்று அவர்கள் அறிந்ததை எந்தப் பல்கலைக்கழகமும் அறியாது. அவர்களை வேலையிலிருந்து அனுப்பச் சொல்லவில்லை. வடிகால் அடைக்கவும், பாசி நடவும், பறவை எண்ணவும், நரியைத் தேவைக்கு மட்டும் கட்டுப்படுத்தவும், நாயோடு வருபவர்களுக்கு வழிகாட்டவும் அவர்களைவிடத் தகுதியானவர் இல்லை. லாங்ஹோமில் ஊர் மக்களே பணம் திரட்டி 2021-இலும் 2022-இலுமாக அந்த மூரின் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் வாங்கி, இயற்கைக் காப்பிடமாக நடத்துகிறார்கள். விரட்டு நின்ற இடத்தில் ஊர் செத்துப்போய்விடவில்லை.

நீங்கள் செய்யக்கூடியதாக நான் கேட்பவை இவை. உங்களில் மூன்று நான்கு எஸ்டேட்கள், ஒன்றையொன்று தொட்டுக் கிடப்பவை, அடுத்த ஐந்து பருவங்களுக்கு விரட்டை நிறுத்திவிட்டு நடந்து சுடுவதை மட்டும் விற்கட்டும். ஜூலைக் கணக்கெடுப்பை வைத்து ஆளுக்கு ஒரு நாள் வரம்பைப் பொதுவில் அறிவிக்கட்டும். மருந்துக் கல் தட்டுகளை எடுத்துவிடட்டும். ஆழமான பீட்டின் மேல் எந்தக் காரணத்துக்காகவும் எரிக்க உரிமம் கேட்காமல் இருக்கட்டும். எத்தனை கிரவுஸ், எத்தனை கர்லியூ, எத்தனை பூனைப்பருந்து, எவ்வளவு வருமானம், எத்தனை வேலைகள் என்ற கணக்கை உங்கள் அறிஞர்களும் எதிர்த்தரப்பு அறிஞர்களும் சேர்ந்தே எடுத்து, ஆண்டுதோறும் வெளியிடட்டும். அரசும் அந்த ஐந்தாண்டுகளுக்கு வருமான இழப்பில் ஒரு பங்கைச் சூழல் காப்பு நிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். அதைக் கேட்டு என் தொகுதி உறுப்பினருக்கும் எழுதுகிறேன், இதைப் படிக்கும் தமிழர்களும் தங்கள் உறுப்பினருக்கு எழுத வேண்டும்.

உங்கள் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்தில் இந்த யோசனையை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். மறுப்பதாக இருந்தால் காரணங்களை எழுதி வெளியிடுங்கள். அவற்றையும் தமிழில் மொழிபெயர்த்து, வெட்டாமல், இதே இடத்தில் வெளியிடுகிறேன்.

இப்படிக்கு,
ஷெஃபீல்டில் வாழும், உங்கள் மூர்களில் நடக்கும் ஒரு தமிழன்